57 புஷலும் 11.2 சதவீதமும்: கடின சிவப்புக் கோதுமையின் புரத விலை, 2016–2018

2016 கோடையில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கோதுமை ஏக்கருக்குச் சராசரியாக 57 புஷல் விளைந்தது. அந்த மாநிலம் அதுவரை எட்டாத விளைச்சல். மொத்த அறுவடை ஏறக்குறைய 46.7 கோடி புஷல். எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்ததால் பல ஊர்களில் கோதுமையைத் திறந்த வெளியில் அம்பாரமாகக் கொட்டி வைத்தார்கள். மணி திரட்சியாக இருந்தது, எடையும் நின்றது, பூசணமோ முளைப்போ பெரிதாக இல்லை. தரச்சான்றில் குறை சொல்ல ஒன்றுமில்லாத கோதுமை அது.

ஆனால் சமவெளி மாநிலங்களின் கடின சிவப்புக் குளிர்காலக் கோதுமை (முந்தைய இலையுதிர்காலத்தில் விதைக்கும் ரொட்டிக் கோதுமை வகை) முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் புரதம் 11.2 சதவீதம்தான் இருந்தது. முந்தைய சில ஆண்டுகளில் அது 12-ஐத் தாண்டியிருந்தது. ரொட்டி மாவு அரைக்கும் ஆலைகள் எதிர்பார்ப்பது அந்த 12-ஐ ஒட்டிய கோதுமையை. அடுத்த ஆண்டு 2017-இல் புரதம் 11.4. அதற்கடுத்த 2018-இல் 12.4. இந்த மூன்று அறுவடைகளில் புரதத்துக்கான கூடுதல் விலை எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, விவசாயி எந்த இடத்தில் காசை விட்டார், எந்த இடத்தில் பிடித்திருக்க முடியும் என்பதே இந்த ஆய்வு.

கீழே வரும் விளைச்சல், புரதம், ஆண்டுச் சராசரி விலை ஆகியவை பதிவான எண்கள். வயல் கணக்குகளிலும் புரத அட்டவணைகளிலும் வரும் சென்ட் கணக்கு விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடங்களில் அப்படியே சொல்லியிருக்கிறோம். ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ. ஒரு டன்னுக்கு 36.74 புஷல்.

புரதம் எங்கே போனது

எங்கும் போகவில்லை. இருந்த புரதம் கூடுதல் மாவுச்சத்தில் பரவி நீர்த்துவிட்டது. கோதுமைப் புரதத்தைத் தழைச்சத்தின் (நைட்ரஜன்) 5.7 மடங்காகக் கணக்கிடுவது வழக்கம். ஒரு ஏக்கர் பயிர் மணிகளுக்குள் 60 பவுண்டு தழைச்சத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 342 பவுண்டு புரதம். விளைச்சல் 45 புஷலாக இருந்தால் 2,700 பவுண்டு மணியில் அந்தப் புரதம் 12.7 சதவீதம். அதே தழைச்சத்தோடு விளைச்சல் 57 புஷலாக ஏறினால் 3,420 பவுண்டு மணியில் அது 10.0 சதவீதம். மண் அதுவே, உரமும் அதுவே, விதையும் அதுவே. மணி நிரம்பும் நாள்களில் குளிர்ச்சியும் ஈரமும் நீடித்ததால் செடி மாவுச்சத்தை அடைத்துக்கொண்டே போனது. தழைச்சத்து அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

2016 வசந்தத்தில் மேலுரம் இட்டபோது பெரும்பாலோர் மனதில் வைத்திருந்த விளைச்சல் இலக்கு வழக்கமான ஆண்டின் இலக்குதான். கோதுமை விலை இறங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் கூடுதல் உரத்துக்குக் கை நீளவும் இல்லை. 2015–16 சந்தை ஆண்டில் விவசாயிகளுக்குக் கிடைத்த தேசியச் சராசரி புஷலுக்கு 4.89 டாலர். 2016–17-இல் அது 3.89.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புரதம் குறைந்தது என்பதற்காக 57 புஷல் விளைந்ததை நஷ்டமாகப் பார்ப்பது தவறு. புஷலுக்கு 3 டாலர் என்று வைத்தால் 57 புஷலின் வரவு 171 டாலர். 45 புஷல் அறுத்தவர் அதே 171 டாலரைத் தொட வேண்டுமானால் புஷலுக்கு 3.80 வாங்க வேண்டும். 80 சென்ட் கூடுதல் விலை என்பது நெருக்கடி ஆண்டில்கூட எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பயிரைப் பட்டினி போட்டுப் புரதத்தை ஏற்றுவதில் லாபம் இல்லை. விளைச்சலுக்குத் தேவையான தழைச்சத்து போய்ச்சேர்ந்த பிறகு, அதற்கு மேல் வரும் புரதத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அறுவடைப் புரதம் சென்ற பருவத்தின் உரக் கணக்கையும் காட்டிக்கொடுக்கும். குளிர்காலக் கடின சிவப்புக் கோதுமையில் ஒரு வயல் தொடர்ந்து 11.5-க்குக் கீழே தந்தால், அந்த வயலில் தழைச்சத்துப் பற்றாக்குறையால் புரதத்தோடு விளைச்சலும் இழந்திருக்க வாய்ப்பு அதிகம். 2016-இன் எலிவேட்டர் சீட்டுகளை வயல்வாரியாக எடுத்து வைத்தவருக்கு அடுத்த பருவ உரத் திட்டம் பாதி தயார்.

தரச்சான்று ஒன்று, விலை இன்னொன்று

அமெரிக்கத் தரநிலையில் 1-ஆம் தரக் கடின சிவப்புக் குளிர்காலக் கோதுமைக்குப் புஷல் எடை குறைந்தது 60 பவுண்டு இருக்க வேண்டும். சேதமான மணி 2 சதவீதத்துக்கு உள்ளே, அந்நியப் பொருள் 0.4-க்கு உள்ளே, சுருங்கியதும் உடைந்ததும் 3-க்கு உள்ளே. 2-ஆம் தரத்துக்கு இவையே 58 பவுண்டு, 4, 0.7, 5 என்று தளரும். சல்லடையில் பிரிந்து வரும் தூசி, பதர், களை விதை எல்லாம் தரத்தைத் தொடாது. அதை எடையிலிருந்தே கழித்துவிடுவார்கள். இந்தப் பட்டியல் எதிலும் புரதம் இல்லை. 9.5 சதவீதப் புரதமுள்ள கோதுமையும் 1-ஆம் தரமாக இருக்கலாம். 2016-இல் விவசாயிகள் பலருக்கு ஏற்பட்ட குழப்பத்தின் வேர் இதுதான்: சீட்டில் முதல் தரம் என்று போட்டிருக்கும், பணத்தில் பிடித்தம் விழுந்திருக்கும்.

புரதம் நுழைவது விலையின் மற்ற அடுக்குகளில். முதல் அடுக்கு முன்பேரச் சந்தை, அதாவது பின்னால் ஒப்படைக்கும் தானியத்துக்கு இன்றே விலை பேசும் சந்தை. கான்சஸ் சிட்டி ஒப்பந்தத்தில் 11 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கோதுமை முழு விலைக்கு ஏற்கப்படும். 10.5 முதல் 11-க்குள் இருந்தால் 10 சென்ட் கழிவு. 10.5-க்குக் கீழே வாங்கவே மாட்டார்கள். மினியாபோலிஸ் ஒப்பந்தம் வடக்கு மாநிலங்களில் வசந்தத்தில் விதைக்கும் வசந்தகாலக் கோதுமைக்கானது. அதற்கு 13.5 சதவீதம் வேண்டும். 13.0 முதல் 13.4 வரை கழிவோடு ஏற்பார்கள். ஆகவே திரையில் தெரியும் கான்சஸ் சிட்டி விலை 11 சதவீதக் கோதுமையின் விலை, மினியாபோலிஸ் விலை 13.5-இன் விலை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே புரதத்துக்குச் சந்தை வைக்கும் பொதுவான மதிப்பு.

இரண்டாவது அடுக்கு பேசிஸ், அதாவது முன்பேர விலைக்கும் உள்ளூர் எலிவேட்டர் தரும் ரொக்க விலைக்கும் உள்ள வித்தியாசம். ரயில் கட்டணம், இடவசதி, உள்ளூர்த் தேவை எல்லாம் இதில் அடங்கும். 2016 அறுவடையில் இடமே இல்லாததால் பேசிஸ் மிக ஆழமாக இறங்கியது. மூன்றாவது அடுக்கு அந்த எலிவேட்டரின் புரத அட்டவணை: அடிப்படைப் புரதம் எவ்வளவு, ஒவ்வொரு 0.1 அல்லது 0.2 புள்ளிக்கும் (ஒரு புள்ளி என்பது ஒரு சதவீதப் புரதம்) எத்தனை சென்ட் ஏறும், எத்தனை இறங்கும், எந்தப் புள்ளியோடு ஏற்றம் நிற்கும். அறுவடை நடுவிலேயே இது மாறலாம். 2016-இல் பல இடங்களில் அறுவடை தொடங்கியபோது புரதத்துக்கு அட்டவணையே இல்லை, பாதி அறுத்த பிறகுதான் வந்தது.

ஆலை எவ்வளவு தரத் தயாராக இருக்கும்

புரத விலை எவ்வளவு உயரும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைக் கலப்புக் கணக்கு தீர்மானிக்கிறது. ஓர் ஆலைக்கு 11.5 சதவீதம் வேண்டும், கையில் இருப்பது 10.5. அதனோடு 14 சதவீத வசந்தகாலக் கோதுமையைக் கலந்தால் தேவையான பங்கு 1 வகுத்தல் 3.5, அதாவது 28.6 சதவீதம். 10.5-க்கும் 11.5-க்கும் சந்தையில் 25 சென்ட் வித்தியாசம் என்றால், 14 சதவீதக் கோதுமைக்கு அந்த ஆலை 10.5-ஐ விட 87.5 சென்ட் வரை கூடுதலாகத் தரலாம். அந்த 25 சென்ட் 40 ஆனால், 14-க்கான வரம்பு 1.40 டாலர்.

கான்சஸில் புரதம் குறைந்தால், வசந்தகாலக் கோதுமை விளைக்கும் வட டகோட்டா மாநிலத்துக்காரரின் கோதுமைக்கு விலை ஏறுவது இதனால்தான். தெற்கே ஒரு புள்ளியின் மதிப்பு சிறிது உயர்ந்தாலும் வடக்கே அது மூன்றரை மடங்காகத் தெரியும். ஒரு புள்ளி புரதத்தின் விலை என்று தனியாக ஒன்று இல்லை. அந்த ஆண்டு குறைந்த புரதக் கோதுமை எவ்வளவு குவிந்திருக்கிறது, அதைத் தூக்கிவிட உயர்ந்த புரதக் கோதுமை எவ்வளவு கிடைக்கிறது என்ற விகிதத்துக்குத்தான் விலை. 2016-இன் உபரி கோதுமையில் ஒரு பகுதி மாட்டுத் தீவனமாகவும் போனது. தீவனத்துக்குப் போனால் விலையை நிர்ணயிப்பது மக்காச்சோளம். அங்கே ரொட்டிப் புரதத்துக்கு மதிப்பு கிடையாது.

2017: வடக்கே வறட்சி

2017-இல் அமெரிக்கக் கோதுமைப் பரப்பு 4.6 கோடி ஏக்கராகச் சுருங்கியது. 1919-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை அதுவே மிகக் குறைவு. கான்சஸின் மேற்குப் பகுதியில் கோதுமைக் கோட்டுத் தேமல் வைரஸ் நோய் பரவியது. ஏப்ரல் கடைசியில் கதிர் வரும் நேரத்தில் பனிப்புயல் வந்து பயிரைப் படுக்கவைத்தது. கான்சஸ் விளைச்சல் 48 புஷலுக்கு இறங்கியது. விளைச்சல் குறைந்ததால் புரதம் ஏறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஏறியது 0.2 மட்டும். நோயில் சேதமான செடி தழைச்சத்தையும் சரியாக உறிஞ்சாது, விலை இல்லாத ஆண்டில் உரமும் தாராளமாகப் போயிருக்காது. விளைச்சல் குறைந்தால் புரதம் தானாகக் கூடும் என்ற கணக்கு, தண்ணீர்ப் பற்றாக்குறையால் மணி நிரம்பாமல் போகும்போதுதான் சரியாக வரும்.

அப்படிப்பட்ட பற்றாக்குறை வடக்கே வந்தது. மேற்கு வட டகோட்டா, கிழக்கு மொன்டானா, தென் டகோட்டா ஆகிய பகுதிகளை மே, ஜூன் மாதங்களில் வறட்சி பிடித்தது. வசந்தகாலக் கடின சிவப்புக் கோதுமை முந்தைய ஆண்டின் சுமார் 49 கோடி புஷலிலிருந்து சுமார் 38.5 கோடிக்கு விழுந்தது. தெற்கே இரண்டாவது ஆண்டாகக் குறைந்த புரதம், வடக்கே கலப்புக்கான கோதுமை இல்லை. ஜூலை முதல் வாரத்தில் மினியாபோலிஸ் செப்டம்பர் ஒப்பந்தம் 8 டாலரைத் தாண்டியது. அதே நாள்களில் கான்சஸ் சிட்டி 6 டாலரைக்கூடத் தொடவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் மினியாபோலிஸும் 7 டாலருக்குக் கீழே திரும்பிவிட்டது. உச்ச விலை நின்றது சில நாள்கள் மட்டும்.

அந்தச் சில நாள்களில் யாரால் விற்க முடிந்தது என்பதே 2017-இன் முக்கியமான பாடம். 2016 கோதுமையில் 12.5, 13 சதவீதம் வந்த பகுதியைத் தனியாகச் சேமித்து, அளந்து, எண்ணைக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரே தொலைபேசி அழைப்பு போதும். எல்லாவற்றையும் ஒரே சைலோவில் (தானியக் கொள்கலன்) கலந்து வைத்தவரிடம் இருந்தது சராசரி. விற்பதற்கு அவரிடம் தனியாக உயர்ந்த புரதம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

பிரிப்பதா, கலப்பதா

இங்கே நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் "எப்போதும் பிரித்து வை" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பாதிதான் சரி.

விளக்கத்துக்கு மூன்று வயல்களை எடுத்துக்கொள்வோம். முதல் வயல் 2,000 புஷல், புரதம் 10.2. இரண்டாவது 2,000 புஷல், 11.4. மூன்றாவது மேட்டு வயல், 1,000 புஷல், 13.0. மூன்றையும் கலந்தால் 5,000 புஷல், 11.24. எலிவேட்டர் கீழ்நோக்கி முழுமையாக்கி 11.2 என்று எடுக்கும்.

சாதாரண ஆண்டின் அட்டவணை இப்படி இருக்கிறது என்போம்: அடிப்படை 11.0. கீழே ஒவ்வொரு 0.1-க்கும் 4 சென்ட் பிடித்தம். மேலே 12 வரை ஒவ்வொரு 0.1-க்கும் 3 சென்ட், 12 முதல் 13 வரை 2 சென்ட், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தனித்தனியாக விற்றால் முதல் வயலில் 640 டாலர் பிடித்தம், இரண்டாவதில் 240 டாலர் கூடுதல், மூன்றாவதில் 500 டாலர் கூடுதல். நிகரம் 100 டாலர் கூடுதல். கலந்து விற்றால் புஷலுக்கு 6 சென்ட் வீதம் 300 டாலர். கலந்தவருக்கு 200 டாலர் லாபம்.

இப்போது தட்டுப்பாட்டு ஆண்டின் அட்டவணை. கீழே அதே 4 சென்ட். 11 முதல் 12 வரை 4 சென்ட். 12 முதல் 13 வரை ஒவ்வொரு 0.1-க்கும் 10 சென்ட். தனித்தனியாக: 640 பிடித்தம், 320 கூடுதல், 1,400 கூடுதல். நிகரம் 1,080 டாலர். கலந்தால் 8 சென்ட் வீதம் 400 டாலர் மட்டும். பிரித்தவருக்கு 680 டாலர் லாபம். இதே அட்டவணையில் முதல் இரண்டு வயல்களை மட்டும் கலந்தாலும் கலக்காவிட்டாலும் தொகை ஒன்றே. 10.2 முதல் 11.4 வரை சரிவு மாறாமல் 4 சென்ட்டாகவே இருப்பதே காரணம். ஆகவே சைலோ பற்றாக்குறை என்றால் அந்த இரண்டையும் ஒன்றாகக் கொட்டலாம். மூன்றாவது மட்டும் தனியாக நிற்க வேண்டும்.

மேலே போகப் போக ஏற்றம் குறையும் அட்டவணையில் கலப்பது லாபம். மேலே போகப் போக ஏற்றம் கூடும் அட்டவணையில் பிரிப்பது லாபம். அட்டவணையைக் கேட்கும்போது "13-க்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். 11 முதல் 12 வரை எவ்வளவு, 12 முதல் 13 வரை எவ்வளவு, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு படியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரண ஆண்டில் கலக்கும் லாபத்தை எலிவேட்டர் எடுத்துக்கொள்கிறது. வயலிலிருந்து நேராகத் தனித்தனி லாரியாகக் கொண்டுபோய் இறக்குபவர் அந்த லாபத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

அறுவடை நாளில் அட்டவணை தெரியாது, அல்லது தெரிந்தாலும் மாறும். பிரித்து வைத்ததைப் பிறகு கலக்க முடியும், கலந்ததைப் பிரிக்க முடியாது. அதனால் இடம் இருக்கும்வரை பிரித்து வைப்பதே வழி. விற்கும் அன்று அட்டவணையைப் பார்த்துக் கலக்கலாம்.

எண்ணை எப்படிப் பெறுவது, எங்கே தவறுகிறது

ஒரே வயலுக்குள் பள்ளமும் மேடும் இரண்டு புள்ளி வரை வேறுபடும். ஈரம் தங்கும் பள்ளத்தில் விளைச்சல் அதிகம், புரதம் குறைவு. ஆகவே அறுவடை இயந்திரத்தின் முதல் தொட்டியில் எடுத்த ஒரு பிடியை வைத்து வயலை முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு லாரியிலும் நான்கைந்து இடங்களில் குத்தூசியை அடிவரை இறக்கி எடுத்து, வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோவைக் காற்றுப் புகாத பையில் போட்டு, வயல் பெயர், தேதி, லாரி எண் எழுதி வைக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் அள்ளினால் பதரும் தூசியும் கூடுதலாக வரும். அறுவடை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒவ்வொரு வயலிலும் பத்து இடங்களில் கதிர் கொய்து, கையால் உமி நீக்கி அளந்துவிட்டால், எந்த வயலை எந்த சைலோவுக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். இதைச் செய்பவர் குறைவு, ஆனால் இதற்கு ஆகும் நேரம் ஒரு மாலைப்பொழுது.

அளக்கும் கருவி பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளிக்கருவி. தானியம் சூடாக இருந்தாலோ, ஈரம் கூடுதலாக இருந்தாலோ, பச்சை மணி கலந்திருந்தாலோ எண் பிசகும். இரண்டு கருவிகளுக்கிடையே 0.2 புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம். சாதாரண ஆண்டில் 11-க்கு மேல் அது 4 முதல் 6 சென்ட். தட்டுப்பாட்டு அட்டவணையில் 12-க்கு மேல் அது 20 சென்ட். ஆகவே பெரிய அளவு விற்கும் முன் சைலோவின் கூட்டு மாதிரியை இரண்டு இடங்களில் அளப்பதற்கு ஆகும் கட்டணம் வீண் அல்ல. 11.99-ஐ 12.0 என்று எடுப்பார்களா, 11.9 என்று வெட்டுவார்களா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஈரப்பத அடிப்படை இன்னொரு பொறி. அமெரிக்காவில் கோதுமைப் புரதத்தை 12 சதவீத ஈரப்பதத்தில் சொல்கிறார்கள், கனடாவில் 13.5-இல். வேறு பல சந்தைகளில் ஈரமே இல்லாத உலர் எடையில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் 11.2 என்பது உலர் எடையில் 12.7, 13.5 சதவீத ஈரப்பத அடிப்படையில் 11.0. அடிப்படையைக் கேட்காமல் இரண்டு நாட்டு எண்களை அருகருகே வைத்து விலை பேசினால் ஒன்றரைப் புள்ளிக்கு ஏமாற இடமிருக்கிறது.

எல்லாத் தரக் காரணிகளும் புரதத்தைப் போலச் சராசரியாகக் கலப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முளைப்பால் கெட்ட கோதுமையைக் காட்டும் ஃபாலிங் நம்பர் சோதனையில் எண் விநாடியில் வரும். 350 விநாடி உள்ளதையும் 100 விநாடி உள்ளதையும் சரிபாதியாகக் கலந்தால் 225 வராது. எண்ணிலிருந்து 50-ஐக் கழித்து, 6,000-ஐ அதனால் வகுத்து, அந்த மதிப்புகளைத்தான் சராசரி எடுக்க வேண்டும். 20-உம் 120-உம் சேர்ந்து 70, அதைத் திருப்பினால் 136 விநாடி. மழையில் நனைந்த ஒரு லாரியை உயர்புரத சைலோவில் கொட்டினால் புரதம் கொஞ்சம்தான் நகரும், மொத்த சைலோவும் ரொட்டிக்கு உதவாமல் போகும்.

பூத்த பின் தெளிக்கும் தழைச்சத்து

2017 ஜூலை விலையைப் பார்த்த பலர் கேட்ட கேள்வி: கடைசி நேரத்தில் தழைச்சத்து தெளித்தால் புரதம் ஏறுமா? ஏறும். பூப்பு முடிந்து மணி நீர்ப்பதத்தில் இருக்கும் நாள்களில், 28 சதவீத யூரியா அம்மோனியம் நைட்ரேட் திரவத்தை ஏக்கருக்கு 10 காலன் எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, வெயில் ஏறாத நேரத்தில் தெளிப்பது வழக்கமான முறை. இதில் 30 பவுண்டு தழைச்சத்து இருக்கிறது. கிடைக்கும் ஏற்றம் அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளி. தண்ணீர் கலக்காமல் நண்பகலில் அடித்தால் கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலையான கண்ணாடி இலை கருகும். மணியை நிரப்புவதே அந்த இலைதான் என்பதால் புரதம் கூடி விளைச்சல் குறையும். பூக்கும்போதே தெளித்தாலும் சேதம் உண்டு.

57 புஷல் பயிரில் அரை முதல் ஒரு புள்ளி ஏற்றம் என்றால் மணிக்குள் போன தழைச்சத்து 3 முதல் 6 பவுண்டு. தெளித்தது 30. மீதி வைக்கோலிலும் மண்ணிலும் காற்றிலும். இது சிக்கனமான வழி அல்ல. உரம், தெளிப்புக் கூலி சேர்த்து ஏக்கருக்கு 18 டாலர் என்றும், விளைச்சல் 50 புஷல் என்றும் வைத்தால், முதலை எடுக்கவே புஷலுக்கு 36 சென்ட் வேண்டும். ஏற்றம் 0.6 புள்ளி, ஒவ்வொரு 0.1-க்கும் 3 சென்ட் என்றால் கிடைப்பது 18 சென்ட். பாதிப் பணம் போய்விட்டது. 0.1-க்கு 6 சென்ட் என்றால் முதல் மட்டும் திரும்பும். 10 சென்ட் என்றால் ஏக்கருக்கு 12 டாலர் மிஞ்சும்.

தெளிக்க வேண்டிய வாரம் அறுவடைக்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னால் வருகிறது. அட்டவணை உருவாவது அறுவடையின் போது. சென்ற ஆண்டின் அட்டவணையை வைத்து இந்த ஆண்டு தெளிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. முன்கூட்டியே புரத விலையை எழுத்தில் உறுதி செய்யும் ஒப்பந்தம் கையில் இருந்தால் மட்டும் கணக்குப் போட்டுத் தெளிக்கலாம். தூர் கட்டும் பருவத்திலும் தண்டு நீளும் பருவத்திலும் நல்ல விளைச்சல் தெரியும்போது மேலுரத்தைச் சற்று உயர்த்துவது இதைவிடப் பாதுகாப்பானது. அந்தத் தழைச்சத்து விளைச்சலாகவோ புரதமாகவோ எப்படியும் வெளியே வரும்.

2018-இல் திரும்பியது

2018-இல் வறட்சி தெற்கே வந்தது. கான்சஸ் விளைச்சல் ஏக்கருக்கு 38 புஷல், மொத்தம் 27.7 கோடி. புரதம் 12.4-க்கு ஏறியது, யாரும் கூடுதலாகச் செலவழிக்காமலே. வடக்கே மழை பெய்து வசந்தகாலக் கோதுமை சுமார் 58.7 கோடி புஷலுக்குப் பெருகியது. தெற்கே தூக்கிவிட வேண்டிய குறைபுரதக் கோதுமை இல்லை, வடக்கே தூக்கிவிடும் கோதுமை நிறைய. மினியாபோலிஸுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கியது. 2017-இல் தட்டுப்பாட்டு விலை பெற்ற அதே 13 சதவீதக் கோதுமை இப்போது சாதாரணச் சரக்கு.

2017-இன் உயர்புரதத்தை இன்னும் ஏறும் என்று காத்து 2018 அறுவடைக்குள் கொண்டுபோனவருக்கு இரட்டை இழப்பு. புரதம் சைலோவில் குறையாது, ஈரப்பதமும் பூச்சியும் கட்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். இருப்பு வைக்கும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மாதம் புஷலுக்கு 4 சென்ட் என்று வைத்தால் பன்னிரண்டு மாதத்தில் 48 சென்ட். சாதாரண ஆண்டின் அட்டவணையில் 13 சதவீதத்துக்குக் கிடைக்கும் மொத்தக் கூடுதலையும் அது ஏறக்குறைய விழுங்கிவிடும். உயர்புரத இருப்பை விற்க வேண்டிய கெடு, எதிர்ப்புறப் பகுதியின் அடுத்த பயிர் நிலவரம் தெரியத் தொடங்கும் மே, ஜூன் மாதங்கள். தெற்கே வைத்திருப்பவர் வடக்கின் மழையையும், வடக்கே வைத்திருப்பவர் கான்சஸ் அறுவடையின் முதல் லாரிகளில் வரும் புரத எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கான்சஸின் தென்கோடியில் அறுவடை ஜூன் நடுவில் தொடங்கும். முதல் வாரச் சீட்டுகளில் 12-க்கு மேல் எண்கள் வரிசையாக வந்தால், வடக்கே இருப்பு வைத்திருப்பவர் அந்த வாரமே லாரியை வரச்சொல்ல வேண்டும்.